பின் பெஞ்சுக்காரர்களின் பாத்திரம்

என் மாமியார் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் புத்தகம் பார்க்காமல் பாடுவார். ஆனால் திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போக மாட்டார். சபையே வரிசையாகப் போய் முழங்கால்படியிட்டு, போதகர் கையிலிருந்து அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கும்போது, அவர் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் என் கணவரிடம் காரணம் கேட்டேன். "அம்மா அப்படித்தான்," என்றார். எதைக் கேட்டாலும் அவர் பதில் அந்த ரகம்தான். மனுஷிக்கு நெஞ்சழுத்தம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் தையல்காரி. பீடத்துக்கு விரிக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கப் போய், துவைப்பது, இஸ்திரி போடுவது, பாத்திரம் துலக்குவது, திருவிருந்து மேசையை அடுக்குவது என்று எல்லாம் என் தலையில் விழுந்தது. குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது கோயிலுக்கும் பொருந்தும்.

கோயிலுக்கு நூறாவது ஆண்டு வந்தது. கண்காட்சி வைக்க வேண்டும், பழைய சாமான் எதையும் விடாதீர்கள் என்றார் சபைச் செயலாளர். பீடத்துக்குப் பக்கத்து அறையில் இருந்த அலமாரியைக் குடைந்தேன். கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் துணி சுற்றிய ஒரு பித்தளைப் பாத்திரம் கிடைத்தது. திருவிருந்துப் பாத்திரத்தின் அதே வடிவம். விளிம்பில் மட்டும் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. எங்களிடம் இருப்பதோ வெள்ளி. இதை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்து எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன்.

தம்ளரைக் கழுவ அடுக்களைக்குள் வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

"இதை ஏம்மா வெளியே எடுத்த?"

"கண்காட்சிக்கு, அத்தை. ஏன், இதை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? இதுலதானே குடிச்சேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கல்குவாரித் தொழிலாளியின் மகள் என்பது எனக்குத் தெரியும். குவாரிப் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காத காலத்தில் கோயில் பள்ளிதான் அவரைச் சேர்த்துக்கொண்டது. கோயில் ஆஸ்பத்திரிதான் அவரை நர்ஸாக்கியது. அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், நன்றியோடுதான். சொல்லாமல் விட்டது மிச்சக் கதையை. குவாரிக் குடும்பங்கள் பக்கவாசல் வழியாக வந்து பின் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். முன் பெஞ்சுக்காரர்கள் வெள்ளிப் பாத்திரத்தில் குடித்து முடித்த பிறகு, இவர்களுக்கு இந்தப் பித்தளை.

"செயலாளரோட அப்பா டைபாய்டு வந்து என் வார்டுலதான் கிடந்தார். ஸ்பூன் ஸ்பூனா தண்ணி ஊத்தினது நான். வாந்தியைத் துடைச்சது நான். அப்போ என் கை ஆகும். உடம்பு தேறினதும் நேரா கோயிலுக்கு வந்து வெள்ளியில குடிச்சார். நான் வாய் வச்சதுல அவர் வாய் வைக்கக் கூடாதாம்."

"இது எப்போ நின்னுச்சு அத்தை?"

"ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா பித்தளையைக் காணோம். மேலிடத்து உத்தரவு, இனிமே எல்லாரும் ஒரே பாத்திரத்துக்கு வாங்கன்னுட்டாங்க. அவ்வளவுதான். தப்புப் பண்ணிட்டோம்னு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வாயைத் திறக்கல. ஒண்ணுமே நடக்காத மாதிரி வரிசையில போய் நிக்க எனக்குக் கால் வரல. யாராவது சொல்லட்டும், அப்புறம் போவோம்னு இருந்தேன். இருந்துகிட்டே இருக்கேன்."

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "நல்லாத் தேய். நூறாவது வருஷமில்ல? பளபளன்னு இருக்கட்டும்."

மறுநாள் பாத்திரத்தோடு சபைக் கூடத்துக்குப் போனேன். செயலாளர் ஏணிமேல் நின்று படங்களை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இளம் போதகர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளியின் முதல் வகுப்பு, ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு, வெள்ளம் வந்தபோது கோயிலுக்குள் பாய் விரித்துப் படுத்திருந்த ஊர் ஜனம். எல்லாம் உண்மைதான். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். போதகரின் முகம் மாறியது. அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. செயலாளருக்குத் தெரிந்திருந்தது. ஏணியிலிருந்து இறங்காமலே பேசினார்.

"அது அந்தக் காலம்மா. எல்லா இடத்துலயும் இருந்ததுதான். இவ்வளவு நல்லது செஞ்சிருக்கோம், அதை விட்டுட்டு ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க. பழைய பாத்திரம்னு அட்டை எழுதி வைங்க, போதும்."

"உங்க அப்பாவுக்குத் தண்ணி ஊத்தினவங்க குடிச்ச பாத்திரம் இது."

"அந்த நன்றியை நாங்க என்னைக்காவது மறந்தோமா? வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக் அனுப்புறோமே!"

போதகரைப் பார்த்தேன். "விழா நல்லபடியா முடியட்டும்மா. அப்புறம் பேசுவோம்," என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் மதில்மேல் பூனை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் ஒருவர் என்றால், அவருக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இன்னொருவர்.

விழா முடிந்த பிறகு பேசுவார்களாம். மாமியாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவர் காதில் விழாமல் யார் எதைப் பேசி என்ன பிரயோசனம்? திருவிருந்து மேசையை அடுக்குபவள் நான் என்பதை அந்த இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

விழா ஞாயிறன்று கோயில் நிரம்பி வழிந்தது. பிரசங்கத்தில் பள்ளி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, வெள்ளம் வந்தது. பித்தளை வரவில்லை. பிறகு போதகர் திருவிருந்துப் பாத்திரத்தின்மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினார். உள்ளே பித்தளை மினுங்கியது. வெள்ளிப் பாத்திரம், பீடத்தருகே உட்கார்ந்திருந்த என் காலடியில், தையல் பைக்குள், நூல்கண்டுகளுக்கு நடுவே இருந்தது.

போதகர் என்னைப் பார்த்தார். நான் பீடத் துணியின் ஓரத் தையலைப் பார்த்தேன். நன்றாகத்தான் தைத்திருந்தேன். ஆராதனையைக் கெடுத்தவள் என்று ஊரே காறித் துப்பப்போகிறது என்று நினைத்தேன்.

பெஞ்சுகளில் இருமல் சத்தம் கேட்டது. போதகர் இரண்டு கைகளாலும் பாத்திரத்தை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"இது நம்ம கோயில் பாத்திரம்தான். குவாரிக் குடும்பங்களுக்குன்னு தனியா வச்சிருந்தோம். அவங்க வாய் பட்டதுல மத்தவங்க வாய் படக்கூடாதுன்னு வச்சிருந்தோம். ஆண்டவர் பேரைச் சொல்லிக்கிட்டே இதைச் செஞ்சோம். அது தப்பு. இன்னைக்கு எல்லாருக்கும் இதுதான்."

பூனை குதித்துவிட்டது, சரியான பக்கமாகவே. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

முதல் பெஞ்சுதான் முதலில் எழ வேண்டும், அதுதான் வழக்கம். யாரும் எழவில்லை. செயலாளர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து எழுந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் போய், முழங்கால்படியிட்டு, அந்த நசுங்கிய விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார். அவருக்கு முழு மார்க் கொடுக்க மாட்டேன், பாஸ் போடலாம். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, பிறகு பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் வந்தார்கள்.

மாமியார் மட்டும் வரவில்லை. கைப்பை ஜிப் திறந்து மூடும் சத்தம் பின்னாலிருந்து எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டுமாம் இந்த மனுஷிக்கு என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எல்லோரும் குடித்து முடித்தார்கள். போதகர் பாத்திரத்தை மூடத் துணியை எடுத்தபோது ஜிப் சத்தம் நின்றது.

அவர் நடுப்பாதை வழியாக மெதுவாக நடந்து வந்தார். முட்டிவலியால் முழங்கால்படியிட முடியாமல் நின்றார். போதகர் பித்தளையை நீட்டினார்.

"இதுல நான் நிறையக் குடிச்சாச்சு ஐயா," என்றார் மாமியார். "எங்க பாத்திரத்துல எல்லாரும் குடிச்சிட்டீங்க, சந்தோஷம். உங்க பாத்திரத்துல நான் இன்னும் குடிக்கலையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்த வெள்ளியை எங்கே ஒளிச்சு வச்சிருக்க? கொண்டா."

பையைக் கவிழ்த்தேன். நூல்கண்டுகள் முதல் பெஞ்சுவரை உருண்டன. பாத்திரத்தைச் சுற்றியிருந்த சிவப்பு நூலைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கொடுத்தேன். போதகர் மீதி ரசத்தை அதில் ஊற்றி, அப்பத்தோடு கொடுத்தார். மாமியார் பாத்திரத்தைத் தன் கையிலேயே வாங்கி, அவசரப்படாமல், சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார். பிறகு முதல் பெஞ்சுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"ரெண்டும் ஒரே ருசிதான். இதுக்கா இத்தனை பாடு?"