ஆணிக்குப் போன கை

1
இந்தக் கதை ஒரே ஒரு வசனத்திலிருந்து வந்தது, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1989இல் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பின்னால் ஒரு குரல்: "நான் போவல பாய், கை தானா போவுது." திரும்புவதற்குள் என் பஸ் வந்துவிட்டது. முகம் கிடைக்கவில்லை. எனக்குக் கதை காதில்தான் வரும். 'பாய்' என்றதால் பெட்டிக்கடை நஜீர் கிடைத்தார். பேசியவனுக்கு வேம்புலி என்று நானே பெயர் வைத்தேன். லேத் பட்டறையில் வேலை, பதினாறு வயதிலிருந்து பீடி.

2
முதல் தொடக்கம்: "விடியற்காலைப் பனியில் வேம்புலி…" வேண்டாம், பனி பேசாது.
இரண்டாவது: "இழுத்த பத்து விநாடிக்குள் நிகோடின் மூளைக்கு…" உண்மைதான், ஆனால் இது டாக்டர் குரல். அவரே பேசட்டும்.

"கால் கட்டைவிரல் கறுத்துப்போச்சு பாத்தியா? பீடியால ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. இன்னும் இழுத்தா காலையே எடுக்கணும்."

"நின்னுகினு செய்ற வேலை சார்."

"அப்ப பீடிய விடு."

விட்டான். [இங்கே பேபி என்று ஒரு மனைவியை எழுதி, அழவைத்து, பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

3
பஸ்ஸை விட்டு இறங்கினால் நஜீர் கடை. தூணில் ஆணி, ஆணியில் கயிறு, கயிற்று நுனியில் அணையாத கங்கு. அதில்தான் முன்பெல்லாம் தினமும் பற்றவைப்பான்.

(ஓரக்குறிப்பு: ஒவ்வொரு இழுப்புக்கும் மூளையில் கொஞ்சம் சந்தோஷம் ஊறும். நாளாக நாளாக, நிகோடின் நுழையும் வாசல்களை மூளை பெருக்கிக்கொள்ளும். வாசல் காலியாகக் கிடந்தால் எரிச்சல், பதற்றம். அதை அடக்கவே அடுத்த பீடி. விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்த வாசல்கள் குறையும். எங்கே கிடைத்தது என்ற நினைவு மட்டும் லேசில் போகாது. அந்த நினைவுக்கும் ஒரு குரல் கொடுத்தேன். மெட்ராஸ் பாஷை பேசுமா என்று கேட்காதீர்கள். வேம்புலியின் மூளை வேறென்ன பேசும்?)

"இன்னா மாமே, நம்ம கவுறு."

"உட்டுட்டேன்."

"தெரியும். சும்மா கிட்ட போயேன்."

பீடியை விட்ட முப்பத்தெட்டாம் நாள் கை கயிற்றைப் பிடித்துவிட்டது. விரலிடுக்கில் பீடி இல்லை.

"இன்னா வேம்புலி, காத்தையா பத்த வெக்கிற?" என்றார் நஜீர்.

"நான் போவல பாய், கை தானா போவுது."

நஜீர் சிரிக்கவில்லை.

4
மறுநாள் கயிறு கடைக்குள் போயிருந்தது.

"பாய், கவுறு எங்க கீது?" என்று பீடியும் கையுமாக வேறொருவன் கேட்டான்.

"உள்ள வந்து பத்த வெச்சிக்கோ நைனா. என் ஆணி, என் இஷ்டம்."

பீடி விற்கிறவர் இப்படிச் செய்வாரா? நம்பாமல் இரண்டு முறை அடித்தேன். மனிதர் போகவில்லை.

வேம்புலியின் கை வெறும் ஆணிக்கும் போயிற்று. அந்த ஞாபகத்தின் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. நஜீர் ஆணியில் ஒரு வாழைத்தாரை மாட்டினார். "வந்த கை வெறுங்கையா போவக்கூடாது. பிச்சிக்கோ."

ஒரு வருடம் தினமும் பழம் பிய்த்தான். விரல் இருந்தது. கால் இருந்தது. நான் எழுதியவர்களிலேயே வேம்புலி, நஜீர் இருவரைத்தான் எழுந்து நின்று வணங்கத் தோன்றியது.

5
ஒரு நாள் நஜீர் பூந்தமல்லியில் கல்யாணத்துக்குப் போனார். கடையைப் பார்த்துக்கொண்ட மைத்துனர் பஷீருதீனுக்கு விவரம் தெரியாது. வாழைத்தாரை இறக்கிவைத்துவிட்டு, கயிற்றைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டார்.

வேம்புலி இறங்கினான். கை எழுந்தது.

"மாமே! நம்ம கவுறு!"

"இன்னா வோணும் அண்ணாத்தே?" என்று பஷீருதீன் கேட்டார்.

[அவன் வாங்கியதாக ஒரு முடிவு எழுதினேன். பழம் கேட்டதாக ஒன்று. இரண்டையும் கிழித்தேன்.]

மூளை முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தது. அதன் வசனத்தை அடித்துவிட்டேன். அடுத்த வரி வேம்புலியுடையது. அவன் வாயைத் திறக்கிறான்.

எனக்குப் பஸ் வந்துவிட்டது. நீங்கள் அங்கேயே நிற்கிறீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்குமே?