திரையின் மூலையில் வந்த செய்தி

வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. லோர்னா கையெழுத்துப் போடாவிட்டால் எங்கள் கம்பெனியில் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

லோர்னா ஒஹாயோ முழுக்கக் கடை வைத்திருக்கும் ஒரு மளிகை நிறுவனத்தின் கணினிப் பிரிவுத் தலைவி. அவர்களுடைய நாலாயிரம் ஊழியர்களும் அரட்டை அடிப்பதும் அறிவிப்புப் பார்ப்பதும் பிறந்தநாள் வாழ்த்துவதும் நாங்கள் விற்ற 'ஹால்வே' மென்பொருளில்தான். ஆறு வருடம் முன்பு இது அதிசயம். இப்போது தெருவுக்கு நாலு பேர் இதையே விற்கிறார்கள்.

"டேல், போன வாரம் மூணு பேர் வந்தாங்க. எல்லாரும் இதேதான் காட்டினாங்க. நீங்க புதுசா என்னத்தைக் காட்டப் போறீங்க?" என்றாள். பக்கத்தில் அவளுடைய ஆள் பென்னி. "டின்கேனை நான் ஒரே மதியத்துல போட்டுட்டேன். காலணா செலவில்லை."

டின்கேன் இதே வேலையைச் செய்யும் கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போடறது யாரும் போடலாம் தம்பி. திங்கட்கிழமை காலையில அது படுத்துடுச்சுன்னா யாரைக் கூப்பிடுவே? எங்களை மாதிரி ஃபோனை எடுக்க ஆள் இருக்கா?"

லோர்னா தலையாட்டினாள். அப்பாடா என்றிருந்தது. என் மடிக்கணினியின் திரை சுவரில் பெரிதாகத் தெரிய, ஹால்வேயைத் திறந்தேன். வெள்ளை வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் மூலையில் ஒரு செய்தி குதித்தது. வாடிக்கையாளர் முன்னால் உட்காருவதற்குள் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள் என்று வாராவாரம் பாடம் நடத்துகிறவன் நான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

லோர்னா சத்தமாக வாசித்தாள். "'ஹால்வே படுத்துடுச்சு டேல். ஏதாவது பேசி இழுத்தடி. ட்ரெவர்.'" கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். "இது டின்கேன்லதானே வந்திருக்கு?"

பென்னி வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீங்களே அதைத்தான் வச்சிருக்கீங்களா?" என்றாள் லோர்னா.

ஹால்வே நின்றுபோனால் எங்களுக்குள் பேச வேறு வழி வேண்டுமே என்று எங்கள் பொறியாளன் ட்ரெவர் போட்டு வைத்தது அது. அதை மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

"மார்ச்லேர்ந்து எல்லாரும் அதுலதான் பேசிக்கறோம்" என்றேன். "அது நின்னதே இல்லை."

"யார் பார்த்துக்கறது?"

"ட்ரெவர். இன்னிக்குப் படுத்ததையும் அவன்தான் எழுப்பணும்."

லோர்னா மேசை மேல் இருந்த ஒப்பந்தத்தை மூடினாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "டேல், மென்பொருள் எங்களுக்கு இலவசமாவே கிடைக்குது. பார்த்துக்க ஆள்தான் கிடைக்கலை. அவர் நம்பர் குடுங்க."

எங்களிடமிருந்து நேரே உங்களிடம் வேலைக்கு வர அவனுக்குத் தடை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி ஒரு நிபந்தனைக்கு நான்தான் அவனைக் கையெழுத்துப் போட வைத்தேன். அவன் மனைவிக்கு டிசம்பரில் பிரசவம். எங்கள் கம்பெனி மூடினால் அவர்களுடைய மருத்துவக் காப்பீடும் அன்றோடு போய்விடும். மற்ற ஒன்பது பேர் முகமும் கண் முன்னால் வந்தது.

எண்ணைச் சொன்னேன். பென்னி குறித்துக்கொண்டான்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் ட்ரெவரே கூப்பிட்டான். "ஹால்வே எழுந்துடுச்சுப்பா! போ, போய்க் காட்டு."

"தெரியாத நம்பர்லேர்ந்து ஒரு அம்மா கூப்பிடுவாங்க. எடு. என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு. அந்தத் தடையைப் பத்திக் கவலைப்படாதே, நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

"அப்ப ஹால்வே?"

"நாங்க பார்த்துக்கறோம்."

மிச்சமிருக்கும் பத்துப் பேரில் ஒருவருக்கும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. அது அவனுக்கும் தெரியும்.