நெட்டையின் கைகள் எங்கே இருந்தன?

1

இந்தக் கதை ஒரு வார்த்தையின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இல்லை. என் பெரியம்மா மகள் ஒரு சலவைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். நேற்று மதியம் போன் செய்து குசுகுசுவென்று கேட்டாள்.

"டேய், ஃபிஸ்டிகஃப்ஸுக்குத் தமிழ்ல கைகலப்பத் தவிர வேற வார்த்தை இருக்காடா? சீக்கிரம் சொல்லு. மேனேஜர் டீ குடிக்கப் போயிருக்காரு."

"எதுக்குக்கா?"

சொன்னாள். கேட்டு முடித்தபோது எனக்குக் காது சூடாகியிருந்தது. (போன் சூட்டால் அல்ல.)

2

முதல் தொடக்கம்: "சலவைக்கூடத்தில் நீராவி மெல்லப் பரவிய ஓர் இனிய காலையில்..."

(அடித்துவிட்டேன். ஒருவன் வாயில் ரத்தம் வந்த காலைக்கு 'இனிய' ஒரு கேடா?)

இரண்டாவது: "நெட்டைக்கும் சூப்பர்வைசருக்கும் இடையே..."

(இதுவும் வேண்டாம். 'இடையே' என்று எழுதியதுமே சண்டை இருவருடையதாகிவிடுகிறது. பாதி வாக்கியத்திலேயே நெட்டையை மாட்டிவிட்டேன்.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் நெட்டையும் (உயரத்தால் வந்த பெயர்) அவன் மனைவியும், துவைத்த படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை ஏன் ஆமை மாதிரி நகர்கிறது என்று சூப்பர்வைசர் கத்தினார். "இஸ்திரி மெஷின் இன்னும் சூடாகல சார்" என்றான் நெட்டை. எதிர்த்துப் பேசுகிறாயா என்று அவர் அவன் முகத்தில் குத்தினார். மறுபடியும் குத்தினார். நெட்டை முனைகளை விடவில்லை. விட்டால் விரிப்பு தரையில் படும், திரும்பத் துவைக்க வேண்டும். உதடு கிழிந்து ரத்தம் சொட்டியதில் அது எப்படியும் பாழாய்ப்போனது.

3

இனி அந்த ஃபிஸ்டிகஃப்ஸ். முன்பாதி முஷ்டி, பின்பாதி அடி. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இரண்டு கனவான்கள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளும் சண்டை. இன்றைக்கு அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வாயோரத்தில் ஒரு சிரிப்போடுதான் சொல்கிறார்கள், பிள்ளைகள் தலையணையால் அடித்துக்கொண்டதைச் சொல்வதுபோல. தமிழில் கைகலப்பு.* எந்த மொழியில் சொன்னாலும் அதற்கு இரண்டு பேருடைய கை வேண்டும்.

* நம் செய்தித்தாள்களுக்கும் செல்ல வார்த்தை. 'வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது.' யாருடைய கை, யாருடைய முகம் என்று கேட்டால் நாம் ஒருதலைப்பட்சமாம்!

4

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, நெட்டைக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க அக்கா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நெட்டையின் மனைவி சொன்ன சாட்சியை, மனைவி புருஷனுக்காகத்தான் பேசுவாள் என்று மேனேஜர் தள்ளிவிட்டார். சூப்பர்வைசர் தன்னுடைய மச்சான் என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை. சண்டை போட்டால் இருவருக்கும் சீட்டுக் கிழியும், அதுதான் கம்பெனி விதி. மச்சானுக்கு வேறு கிளையில் நாற்காலி தயார். நெட்டைக்குத் தெருதான்.

"அந்தத் துணியத் தூக்கி எறிஞ்சிட்டு ஒரு தள்ளாவது தள்ளியிருக்கக் கூடாதா?" என்று மனைவி அவனையே கடிந்துகொண்டாள்.

"தள்ளியிருந்தா சண்டைன்னு சொல்லியிருப்பாங்கல்ல?"

 அப்போதுதான் மேனேஜர், அந்த ஓரச் சிரிப்போடு, ஃபிஸ்டிகஃப்ஸ் நடந்ததை இவன் ஒத்துக்கொள்கிறானா என்று கேட்டுவை என்று சொல்லிவிட்டு டீக்கு எழுந்தார்.

5

இங்கே எனக்கு ஒரு சபலம். நெட்டை ரொம்ப நல்லவனாகத் தெரிகிறான், வாசகர் நம்புவாரா? ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் பதிலுக்கு ஒரு அடி கொடுத்தால் பாத்திரத்துக்கு உயிர் வரும். 'சமநிலை' என்று நாலு பேர் பாராட்டுவார்கள். எழுதியும் பார்த்தேன்: "நெட்டையின் வலது கை மெல்ல..."

(முடியாது. அந்தக் கையில் துணி இருந்தது. மேனேஜர் செய்வதையே நானும் செய்வதற்கு எனக்கு எதற்குப் பேனா?)

6

முடிவு. அக்கா "கைகலப்பு நடந்துச்சா?" என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இருக்காது, நெட்டை குழம்பித் தலையாட்டுவான், வேலை போகும். இதை எழுத என் கை கூசுகிறது. "உன்ன அடிச்சாரா?" என்று மாற்றிக் கேட்கலாம். அவன் "ஆமா" என்பான். அந்த ஆமாவை மேனேஜர் தன் வார்த்தைக்குக் கிடைத்த ஆமாவாக எடுத்துக்கொள்வார்! எவ்வளவு அழகான பொறி பாருங்கள்.

இல்லையென்றால், "இது சண்டை இல்லை, அடி" என்று மேனேஜரிடமே ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். எனக்கு ஆசை இதன்மேல்தான். ஆனால் அடுத்த சீட்டு அவளுடையது, அந்த வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். என் கோபத்துக்கு அவள் சோற்றைப் பணயம் வைக்க நான் யார்?

7

நான் வேறு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, "வந்துட்டாருடா" என்று போனை வைத்தாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

அதனால் இதை உங்கள் தலையில் கட்டுகிறேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இரண்டு மொழியும் கொஞ்சம் தெரியுமே, அக்காவின் நாற்காலியில் உட்காருங்கள். மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துத் தலையசைக்கிறார். நெட்டை, உதட்டில் தையலோடு, உங்கள் முகத்தையே பார்க்கிறான்.

"என்னங்க கேக்குறாரு?"