எட்டுப் படங்களில் ஆஷா

பெருமாநல்லூர் நால்ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஸ்டுடியோவில் சித்ரகலாவுக்குப் படம் பிடிக்கிற வேலை கிடையாது. பிடித்து வந்த படங்களுக்குப் பெயர் போடுவதுதான் வேலை. கல்யாணம், காதுகுத்து, பனியன் கம்பெனி ஆண்டு விழா என்று முதலாளி வேல்குமார் கொண்டுவந்து கொட்டுவதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எடிட்டிங் சாஃப்ட்வேரின் கேட்டலாக்கில், அதாவது படங்களின் பட்டியலில், சேர்ப்பாள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, என்ன விசேஷம் என்று குறிப்பு எழுதுவாள். நல்ல படத்துக்கு ஐந்து நட்சத்திரம், கண் மூடியதற்கு ஒன்று. ஆறு வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கே என்று கேட்டாலும் அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில் ரோஸ்மேரி வந்தாள். சாத்தான்குளம் பக்கத்து ஊர். ராத்திரி பஸ் ஏறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மகள் ஆஷா முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். போன கார்த்திகையில் மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனாள். பத்தொன்பது வயசு.

"வாற மாசம் வருசம் திரும்புது தாயி. கல்லறையில ஒரு போட்டோ பதிக்கணும். அவ போனு ஆஸ்பத்திரியில காணாமப் போச்சு. ஆதார்ல இருக்கது அவ மூஞ்சியே இல்ல. போன வருசம் கம்பெனி பொங்கலுக்கு நீங்கதான் படம் புடிச்சியளாம். நெறைய படத்துல நான் இருக்கேன்மான்னு போன்ல சொன்னா."

"உக்காருங்கக்கா, ஒரு நிமிசத்துல எடுத்துடறனுங்க" என்றாள் சித்ரகலா.

அந்த விழா நன்றாக நினைவிருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகளைப் பெரிதாக்கிப் பார்த்து, இருநூறு பெண்களுக்கும் ஒவ்வொருவராகப் பெயர் போட்டிருந்தாள். தேடும் கட்டத்தில் 'ஆஷா' என்று அடித்தாள். எட்டுப் படங்கள் வந்தன. எட்டும் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் கோப்பு காணவில்லை என்கிற சின்னக் குறி.

சித்ரகலா திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

ஆடி மாதம், ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால், ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. "பழைய கம்பெனி போட்டோவெல்லாம் யாரு கேக்கப் போறாங்க அம்மிணி? அழிச்சுப் போடுங்க" என்றார் வேல்குமார். பென் டிரைவிலாவது கொஞ்சம் வைக்கலாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. செய்யவில்லை. நாற்பது கம்பெனி ஃபோல்டர்களை டிஸ்க்கிலிருந்து அப்படியே அழித்தாள். இடம் போதவில்லை என்று, கேட்டலாக் காட்டுகிற சின்னப் படங்கள் சேர்ந்திருந்த கோப்பையும் அழித்தாள். கேட்டலாக்கைத் தொடவில்லை. அதைச் சுத்தம் செய்ய ஒரு நாள் பிடிக்கும். அதனால் எழுதிய குறிப்புகள் மட்டும் தங்கிவிட்டன, படங்கள் போய்விட்டன.

"இருக்கா தாயி?"

"இருக்குதுங்கக்கா. டிஸ்க்குல ஏதோ கோளாறுங்க. ரெண்டு நாள் டைம் குடுங்க."

ரோஸ்மேரி தலையாட்டினாள். சொந்தக்காரர் வீடு ஊத்துக்குளியில் இருக்கிறது, தங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினாள்.

மறுநாள் காலை சித்ரகலா லீவு சொல்லிவிட்டு, அந்த டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு முதலிபாளையம் போனாள். கம்பெனி கைமாறி, போர்டே மாறியிருந்தது. விழா முடிந்ததும் ஸ்டுடியோ கொடுத்த ஆல்பம் இருக்குமா என்று வாட்ச்மேன் தங்கதுரையிடம் கேட்டாள். "பழைய ஆபீஸ் சாமானெல்லாம் எடைக்குப் போட்டாச்சுங்க" என்றார். ஆஷாவோடு விடுதியில் இருந்தவர்கள் யாராவது? யாரும் இல்லை. புதிதாக வந்த ஒரிசாப் பெண்கள்தான் இருந்தார்கள்.

அங்கிருந்து திருப்பூர் போய், அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் கடையில் டிஸ்க்கைக் கொடுத்தாள். சாயங்காலம் வரை காத்திருந்தாள். நாற்பத்தொரு படங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை பாதிக்குமேல் சாம்பல். மிச்சத்தில் ஒரு பேனர், பொங்கல் பானைகள், யாரோ ஒரு மேனேஜரின் முதுகு.

"இதுக்கு மேல கல்யாண வீடியோ ஏத்திட்டீங்கக்கா. அடியில இருந்தது இனி வராதுங்க" என்றார் கடைக்காரர்.

மூன்றாம் நாள் ரோஸ்மேரி வந்தாள். கல்லறையில் பதிக்க அளவு எழுதிய காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"படம் வரலீங்கக்கா" என்றாள் சித்ரகலா. "படத்தைப் பத்தி எழுதி வச்சது மட்டுந்தான் இருக்குது."

ரோஸ்மேரிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபின் காகிதத்தை நான்காக மடித்தாள். "என்ன எழுதியிருக்கு? வாசி, கேக்கேன்."

சித்ரகலா வாசித்தாள். "ஆஷா, செக்கிங். கோலப்போட்டி. பதினோரு மணி ரெண்டு நிமிசம்." அடுத்தது. "ஆஷா, கயிறு இழுக்கற போட்டி. மூணு இருபது."

"கயிறு இழுத்தாளா! எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள் ரோஸ்மேரி. முகம் மலர்ந்துவிட்டது. எட்டும் முடிந்ததும் கேட்டாள்: "சிரிச்சாளா தாயி?"

சிரிப்பைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை; கடைசிப் படத்துக்கு, கண் மூடியதற்கான ஒற்றை நட்சத்திரம் மட்டும்தான் திரையில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த சித்ரகலாவுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாங்கக்கா. நல்லாச் சிரிச்சிட்டு இருந்துதுங்க. பல்லெல்லாம் தெரிய."

ரோஸ்மேரி மடித்த காகிதத்தைப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப அது எம் புள்ள இல்ல. முன்பல்லு தூக்கலா இருக்குன்னு போட்டோவுல வாயே தொறக்க மாட்டா. அந்த செக்கிங்ல இன்னொரு ஆஷா உண்டும்பா. அவளா இருக்கும்." எழுந்தாள். "நீ சங்கடப்படாத. நீ பாத்தத நீ சொன்ன."

அவள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும்வரை சித்ரகலா உட்கார்ந்தே இருந்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

"அக்கா, பொய் சொல்லிட்டனுங்க. டிஸ்க்குல கோளாறு இல்லீங்க. நாந்தான் அழிச்சேன். சிரிச்சுதான்னு எனக்குத் தெரியாதுங்க. முகமே ஞாபகம் இல்லீங்க."

திட்டுவாள் என்று நினைத்தாள். ரோஸ்மேரி திட்டவில்லை.

"அப்ப கயிறு இழுத்தது?"

"அது நெசமுங்கக்கா. எழுதியிருக்குது."

"எந்த ஆஷா?"

அடையாள அட்டையில் ஒவ்வொருத்திக்கும் தனித்தனி டோக்கன் நம்பர் இருந்தது. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். நேரமாகும் என்று பெயரை மட்டும் எழுதியிருந்தாள். எட்டும் ஒருத்தியா, நாலு நாலாக இரண்டு பேரா, இனி யாராலும் சொல்ல முடியாது.

"தெரியலீங்க" என்றாள்.

பஸ் வந்தது. ரோஸ்மேரி ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். இவள் பக்கம் திரும்பவில்லை. சித்ரகலா சுடுகிற தார் ரோட்டில் அப்படியே நின்றாள். ஸ்டுடியோவிலிருந்து வேல்குமார் இரண்டு தடவை கூப்பிட்டார்.