ஆசான் கொடுத்த சிரசாசனம்

டிப்போவில் அவருக்கு வௌவால் என்று பெயர். பேருந்து ஓட்டுகிறவர்களில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. ஒருத்தர் கொட்டாவி, இன்னொருத்தர் ரிவர்ஸ். இவர் விடிவதற்கு முன்னால் எழுந்து தலைகீழாக நிற்கிற ஆள் என்று யாரோ வந்து சொல்லிவிட, அன்றைக்கே வௌவால் ஆகிவிட்டார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

பெருமைப்பட நியாயமும் இருந்தது. ஸ்டியரிங் பிடித்த சில வருஷங்களிலேயே அவருக்கு இடுப்பு போய்விட்டது. வண்டியை விட்டு இறங்கினால் நிமிர முடியாது. வலி வந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் வண்டியில் பயணிகளோடு சண்டை, வீட்டில் மனைவியோடு சண்டை. இந்த ஆளோடு எத்தனை நாளைக்குக் குப்பை கொட்டுவது என்று அவள் பெட்டியைக் கட்டி வைத்திருந்த சமயத்தில்தான் அவர் யோகா சொல்லித்தரும் ஆசானிடம் போய்ச் சேர்ந்தார். சலவைக்கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. கீழேயிருந்து சோப்புத்தூள் வாசனையும் ஆவியும் ஏறி வரும். பாட்டு கிடையாது, கண்ணாடி கிடையாது, வெட்டிப்பேச்சு கிடையாது. ஆசான் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். அவர் கை வைத்த இடத்தில் உடம்பு தானாக வழிக்கு வரும்.

அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆசனத்தை ஆசான்தான் கொடுக்க வேண்டும், ஆசான்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் சீடனுக்கு வேலையே இல்லை. பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர் வேறெங்கேயோ பார்த்த ஆசனம் ஒன்றை மூலையில் நின்று செய்து பார்த்தார். ஆசான் ஒரு வார்த்தை திட்டவில்லை; சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். அந்த மனுஷன் மாதக்கணக்கில் தினமும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். மணிக்கட்டு ஒடிந்து வந்த ஒரு டீச்சரம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, "இந்த ஆசனத்த நான் எடுத்துக்கிட்டேன்மா, இனிமே இது உன்னோடது இல்ல" என்றார். அந்த அம்மா பாரம் இறங்கிய மாதிரி அழுதாள்.

வௌவாலுக்குச் சிரசாசனம் கிடைக்க வருஷங்கள் ஆயின. காலைப் பிடித்து நிறுத்தி, ஆசான் மெல்லக் கையை எடுத்த அன்றைக்கு, அவர் வீட்டுக்கு வந்து சத்தம் போடாமல் சாப்பிட்டார். மனைவி பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கினாள். ஆக, அந்த ஒரு ஆசனத்துக்கு அவர் எவ்வளவு கடன்பட்டவர் என்று நமக்குப் புரிகிறது. அதற்காக இப்படியா?

கோளாறு கதவுப் பக்கக் கண்ணாடியில் ஆரம்பித்தது. டிப்போவுக்குள் நுழையும்போது தூணில் உரசிவிட்டார். தூண் எங்கேயும் நகர்ந்து வரவில்லை, நகர்ந்து வந்தது போலத்தான் இருந்தது அவருக்கு. கொஞ்ச நாளில் மறுபடியும் உரசினார். வீட்டில் மேசை ஓரத்துத் தம்ளரைத் தட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. மனைவி அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் வரும், தெரிகிறபோது கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவர் ஒன்று விடாமல் அழுத்தினார். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தார். அடுத்த புள்ளி வரட்டும் என்று அவர் காத்திருந்த நேரமெல்லாம் புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தனவாம்.

டாக்டர் நயமாகத்தான் சொன்னார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிக் கூடி, நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. ஓரப்பார்வைதான் முதலில் போகும், போவதும் தெரியாது. போனது போனதுதான், மீதியைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றலாம். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி குறுக்கே புகுந்து, இவர் தினமும் தலைகீழாக நிற்கிறவர் என்று போட்டு உடைத்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னியோட நிறுத்திடுங்க. தலைகீழா நிக்கறப்ப அழுத்தம் ரெண்டு மடங்கு ஏறும். நீங்களே உங்க கண்ண அமுக்கிக் கொல்ற மாதிரி."

"சரிங்க டாக்டர். எங்க ஆசான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்திடறேன்."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் பிடிபிடியென்று பிடித்தாள். இத்தனை வருஷம் அந்த ஆசான் புராணத்தை வாய் திறக்காமல் கேட்டதற்கு இதுதான் பலனா என்றாள். கடைசியில் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "கண்ணு உங்களோடதா, அவரோடதா?"

அவர் சொட்டுமருந்து பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தார்.

இதில் வம்பு என்னவென்றால், ஆசான் ஊரில் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வெளியூரில் மகள் வீட்டில் கிடந்தார். போகும்போது வகுப்பை வௌவாலின் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். வௌவால் மகளுக்குப் போன் செய்தார். அப்பாவுக்குப் போனில் காது சரியாகக் கேட்கவில்லை, ஆபரேஷன் ஆன உடம்பு, ஆட்கள் வந்தால் தூங்கமாட்டார், கொஞ்ச நாள் போகட்டும் அண்ணா என்றாள் அவள். விஷயத்தை அவளிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. இதெல்லாம் நேரில் போய்க் கையைக் கட்டி நின்று கேட்க வேண்டியது என்று நினைத்தது அந்த மண்டை.

ஆக, காலையில் எழுந்ததும் இரண்டு கண்ணிலும் சொட்டுமருந்து விடுவார். மருந்து இறங்கட்டும் என்று கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு வகுப்புக்குப் போய்த் தலைகீழாக நிற்பார். ஆசான் வைத்த மூச்சுக் கணக்கில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. மருந்தையும் வேளை தவறாமல் போட்டாராம். இந்த ஆளை என்னவென்று சொல்வது? முழுக்க முழுக்க பக்தி என்றும் சொல்லிவிட முடியாது. வரிசைக்கு முன்னால் நிற்கிறவர் நிறுத்தினால் பின்னால் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஆசானின் இடத்தில் நிற்கிற சுகமும் அதில் இருந்தது.

அந்த நாட்களில்தான் வகுப்புக்கு வருகிற தையலம்மா அவரிடம் வந்து சொன்னாள். அவளுக்குத் தெருமுனையில் தையல் கடை, சொந்தக் கடை, புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள். தலைகீழாக நின்று இறங்கியதும் ஓரத்தில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது அண்ணா, ஊசி கோக்கிறபோதும் சில சமயம் வருகிறது என்றாள். இவர் என்ன செய்திருக்க வேண்டும்? கண் டாக்டரின் விலாசத்தைக் கொடுத்திருக்க வேண்டும். ஆசான் சொல்லக் கேட்டிருந்ததைத் திருப்பிச் சொன்னார். பார்வை உள்ளே திரும்புகிறது, பயப்படாதே, நல்லதுதான் என்றார். அவள் நிம்மதியாகப் போனாள். அன்றைக்கு ராத்திரி டாக்டரின் சீட்டை எடுத்து விலாசத்தைப் பார்த்தார். ஆனாலும் மறுநாள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை.

டிப்போவில் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு நாள் ஒரு தெருத் திருப்பத்தில் அது நடந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், வண்டி நிறைய ஆட்கள். கதவுப் பக்கத்தில் சைக்கிளில் ஒரு பெண், பின்சீட்டில் குழந்தை. வண்டியில் இருந்தவர்கள் ஒரே குரலில் அலறியதால் பிரேக்கை மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள்காரி நடைபாதையில் உட்கார்ந்து குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றபோது, அவள் திட்டக்கூட இல்லை. "இவ்வளவு கிட்ட இருந்தோமே, எங்களத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டாள்.

சூப்பர்வைசர் அன்றைக்கே வண்டியை வாங்கிக்கொண்டார். வௌவாலை வண்டி கழுவுகிற பக்கம் போட்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை, அதுதான் அவரை அதிகமாக வாட்டியது. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் நேரே எதிரே இருப்பது மட்டும் கொஞ்ச காலத்துக்குத் தெரியும் என்றார். நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். அவர் தரையைப் பார்த்தார்.

ஆசானின் மகள் வரச் சொன்னபோது மனைவிதான் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். பேருந்தில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். டிரைவர் திருப்பங்களில் வண்டியை ஒடிப்பதை உடம்பாலேயே கவனித்துக்கொண்டு வந்தார்.

ஆசான் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். மகள் இவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அவருடைய போர்வையைச் சரிசெய்தாள். வௌவால் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, காது கேட்கட்டும் என்று சத்தமாகவே எல்லாவற்றையும் சொன்னார்: அழுத்தம், நரம்பு, டாக்டர் சொன்னது, வண்டி போனது. "நீங்கதான் குடுத்தீங்க ஐயா. நீங்களே திருப்பி எடுத்துக்கணும்" என்று முடித்தார்.

ஆசான் தலையணையை விட்டு நிமிர்ந்தார். அப்புறம் கேட்டார்.

"டாக்டர் எப்போ நிறுத்தச் சொன்னாரு?"

"நீங்க விழுந்த கொஞ்ச நாள்லயே ஐயா."

"உன் பொண்டாட்டி சொல்லலையா?"

"சொன்னா."

"அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்த?" என்றார். "எனக்கும் அதே வியாதிதான். டாக்டர் சொன்ன அன்னிக்கே நான் விட்டுட்டேன். விட்டு எத்தனையோ வருஷமாச்சு."

வௌவாலுக்கு முதலில் விளங்கவில்லை. வகுப்பில் ஆசான் தலைகீழாக நின்று யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது உண்மைதான். வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறார் என்று எல்லோரும் தாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்டேருந்து யாரு எடுத்துக்கிட்டாங்க ஐயா?"

"என் ஆசான் செத்து எவ்வளவு காலமாச்சு. யாருகிட்டப் போய்க் கேப்பேன்? நானேதான் விட்டேன்."

மனைவி தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று வௌவால்தான் கேட்டார். ஆசானே விட்டுவிட்டார் என்று தெரிந்தால் வகுப்பில் யார் நிற்பார்கள் என்று நினைத்தேன் என்றார் ஆசான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, எதிரே குனிந்த வௌவாலின் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, உச்சியில் வைத்தார்.

"எடுத்துக்கிட்டேன். போதுமா?"

பாரம் இறங்கும் என்றுதான் அவர் அத்தனை நாள் காத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. அது வயதான ஒருவரின் கை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டார். நான் இனி அங்கே வரமாட்டேன், நீயே பார்த்துக்கொள் என்று ஆசான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வௌவால் சுவரைத் தடவிக்கொண்டே சலவைக்கடை மாடிப்படி ஏறினார். எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்த பிறகு, நின்றபடியே சொன்னார். தன் கண்ணைச் சொன்னார், ஆசானின் கண்ணையும் சொன்னார். இனிமேல் யாரும் தலைகீழாக நிற்கக் கூடாது, முதலில் கண் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்றார். பேங்க்காரர் எழுந்து, பாவம் நீங்கள் நொந்து போயிருக்கிறீர்கள், அதற்காக ஆசான் மேல் இப்படி ஒரு பழியைப் போடலாமா என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக முட்டி போட்டுக் கையைக் கோத்துத் தலையை வைத்தார்கள். கால்கள் மேலே எழும்புகிற சத்தம் அவருக்குக் கேட்டது.

தையலம்மா வழக்கமாக விரிப்புப் போடுகிற பக்கம் போனார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "நீயாவது கேளும்மா. அன்னிக்கு உங்கிட்ட நான் சொன்னது பொய். அந்த நிழல் நல்லதில்ல. ரெண்டு பொண்ணு இருக்கு உனக்கு."

"நீங்க வேணும்னு சொல்லலண்ணா, தெரியும்" என்றாள் அவள், மரியாதையாகத்தான். "ஆனா இத எனக்கு ஆசான் குடுத்தாரு. அடுத்த மாசம் அவரு இருக்கற ஊருக்குப் போய் நேர்லயே கேட்டுக்கறேன். அவரு எடுத்துக்கிட்டா விட்டுடறேன்."

அவர் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் தலைகீழாக ஏறிவிட்டாள். மீதமிருந்த பார்வையில் அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசைந்தன.

"அண்ணா, கால் ஆடுது. கொஞ்சம் பிடிங்க."

விட்டால் விழுந்து கழுத்தை ஒடித்துக்கொள்வாள். அவர் எழுந்து, கையை நீட்டித் துழாவி, கணுக்காலைப் பிடித்தார். பிடித்ததும் ஆட்டம் நின்றது. அவள் நிம்மதியாக மூச்சை எண்ண ஆரம்பித்தாள்.