கதவுக்குப் பின்னால் ஒல்லாந்து

கற்பிட்டித் தீபகற்பம் முழுவதிலும் கட்டடங்களோடு கதைக்காத ஒரே மனிதன் தான்தான் என்று அர்கம் அறிவித்தான். சிரிக்காமல், பட்டமளிப்பு விழாவில் உரையாற்றுகிறவனின் முகத்தோடு அறிவித்தான். கேட்டவர்கள் இரண்டே பேர்: அவனுடைய கமீலா மாமியும் மாமியின் மகள் றிஸ்னாவும்.

விஷயம் இதுதான். சந்தையிலிருந்து வந்த மாமி பூட்டைத் திறந்தார். உள்ளே ஆளில்லை. இருந்தும் படியில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். யாரோ எழும்பிச் சட்டையைச் சரிசெய்ய அவகாசம் கொடுப்பவர்போலக் கொஞ்சம் தாமதித்தார். பிறகுதான் காலை உள்ளே வைத்தார்.

"மாமி, வெறும் வீட்டுக்குச் சலாம் சொல்றது சரி. பதிலுக்கும் நிக்கிறீங்களே, ஆரு வருவா? ஒல்லாந்தக்காரனா?"

"வந்தா வரட்டும். அவன் கட்டின வீடுதானே. நாம வந்து இருக்கிறவங்க, கேட்டுத்தான் நுழையணும்."

"அவனுக்குத் தமிழே தெரியாது மாமி. அறபுக்கு எங்க போவான்?"

"மச்சானுக்கு மட்டும் என்ன தெரியுமாம்?" என்றாள் றிஸ்னா. "கெம்பஸ்ல சரித்திரம் படிக்கிற ஆளு, இந்த வீட்டுக்கு எத்தன வயசெண்டு சொல்லத் தெரியல்ல."

அது உறைத்தது. ஏனென்றால் வீட்டின் வயதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கிய மாமியிடம், இரண்டு மாதத்தில் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்காக யாராவது அடுத்தவர் சுவரில் ஆணி அடிப்பார்களா? மாமி அடிக்கவில்லை. அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. யுத்தம்தான் முடிந்தது. களப்பில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கியபடி தண்ணீரில் ஓடத் தொடங்கினார்கள். கொழும்பிலிருந்த வீட்டுக்காரர் ஜவாஹிர் ஹாஜியாருக்கு, அந்த வெள்ளைக்காரர் தங்க இந்த இடத்தில் அறைகள் கட்டும் ஆசை வந்தது.

"மெய்யாவே ஒல்லாந்தர் வீடெண்டா இடிக்க மாட்டன். பாக்க வாறவங்களுக்கு நீங்க பகல் சாப்பாடு குடுங்க" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். "சும்மா பழைய வீடெண்டா பெருநாளைக்குப் பிறகு மெசின் வரும்." வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவரே பார்க்க வருகிறார்.

காற்றில் கதவு ஆடியது. அர்கம் சாத்தப் போனான்.

"சாத்தாத மகன்!" மாமி பதறிக் கதவைச் சுவரோடு ஒட்டி மலர்த்தி வைத்தார். "பின்னால ஒரே ஊத்தை. ஆளுகள் கண்டா வெக்கம்." இரவில் கதவைச் சாத்தியதும் அந்த இடத்தில் ஒரு பாயைச் சாய்த்து மறைப்பது அவர் வழக்கம்.

அந்தக் காலத்தில் ஆண்ட ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், என்னத்தால் கட்டினார்கள் என்று பார்க்க அர்கமும் றிஸ்னாவும் புறப்பட்டார்கள். முதலில் பழைய தேவாலயம். பூட்டியிருந்தது. யன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்த றிஸ்னா, தரையில் ஒரு கல்லறைக் கல்லையும் அதில் செதுக்கிய மண்டையோட்டையும் கண்டு, "மச்சான், உங்கட கெம்பஸ் அடையாள அட்டைப் படம்" என்றாள். சுவர் முழுக்கப் புதிய வெள்ளைப் பூச்சு. ஒல்லாந்தரின் கெட்டித்தனமெல்லாம் அதற்குள் பத்திரமாக ஒளிந்திருந்தது.

கோட்டை கடற்படை முகாமுக்குள் இருந்தது. படம் பிடிக்கக்கூடாது என்று சொல்லி ஒரு கடற்படைக்காரர் கூடவே நடந்தார். மதில் முழுக்க முருகைக்கல். வாசல் வளைவில் மட்டும் மாஜரின் மஞ்சள் நிறத்தில், பாண் துண்டைப்போல ஒடுங்கிய சின்னச் சின்னக் கற்கள்.

"லந்தேசி கடொல்" என்றார் அவர். ஒல்லாந்தர் செங்கல், கப்பலில் வந்ததாம். சொல்லிவிட்டு மாட்டின் முதுகைத் தட்டுவதுபோல அந்தக் கல்லைத் தட்டி, சிங்களத்தில் அதனிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"பாத்தியா, இவரும் கதைக்கிறார்" என்றான் அர்கம். "நான் ஒருத்தன்தான் மிச்சம்."

இப்போது வேண்டியது மாமி வீட்டில் ஒரேயொரு மஞ்சள் கல். ஆனால் பெருநாளுக்குப் பெருநாள் அடித்த வெள்ளை, சுவரில் தோலுக்கு மேல் தோலாக ஏறியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் ஒரு சல்லியளவு சுரண்டினால் போதும் என்றான்.

"ஒரு ஆணி அடிக்கல்ல நான் இந்தச் சுவருல" என்றார் மாமி. "கலண்டரும் பழைய கொக்கியிலதான் தொங்குது."

"வீடே போகப்போகுது மாமி."

"போனா முழுசாப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, ஹாஜியாருக்கு முன்பே அர்கம் வந்து சேர்ந்தான். வீடு திறந்து கிடந்தது. மாமியும் மகளும் பக்கத்து வீட்டுக் குசினியில், விருந்தாளிக்காக எதையோ பொரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் சலாமும் சொல்லவில்லை, நிற்கவுமில்லை. நேரே உள்ளே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். தெருவால் போகிறவர்கள் காணாமலிருக்கக் கதவைச் சாத்தினான்.

சாத்தியவன் அப்படியே நின்றான். கதவுக்குப் பின்னால் சுவரின் காரை என்றோ விழுந்திருந்தது. வெள்ளையடிக்கும்போதும் கதவு மலர்ந்தே நின்றதால் தூரிகை அங்கே எட்டவேயில்லை. மாமி இத்தனை வருடம் வெட்கப்பட்டு மறைத்த ஊத்தை, மாஜரின் நிறத்தில் வரிசை வரிசையாக நின்றது.

ஹாஜியார் வந்ததும் அர்கம் அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, கோட்டை வாசலில் கண்ட அதே ஒல்லாந்தர் செங்கலைக் காட்டினான். சத்தம் கேட்டு ஓடிவந்த மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "பாவி, அதையா காட்டுறாய்! சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சும் போகல்ல, ஹாஜியார்."

"நல்ல காலம் போகல்ல" என்றார் ஹாஜியார். கல்லில் உள்ளங்கையை வைத்தார். கையை நெடுநேரம் எடுக்கவேயில்லை. "சரி. இடிக்கல்ல. இனித் தேய்க்காதீங்க."

மாமி முந்தானையை இறக்கினார். கதவைத் திறந்து மறுபடி சுவரோடு மலர்த்தி வைத்தார். பிறகு, பொரித்தது ஆறுகிறது என்று எல்லோரையும் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு இழுத்துப் போனார்.

பாதி வழியில் அர்கமுக்கு ஸ்குரூ டிரைவர் நினைவுக்கு வந்தது. கதிரையில் கிடக்கிறது. மாமி கண்டால் வம்பு. திரும்பி வந்தான்.

படியில் நின்றான். தெருவின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். யாருமில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான், மெல்ல.

ஓர் ஒல்லாந்தக்காரன் எழும்பிச் சட்டையைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுக் காலை உள்ளே வைத்தான்.