இழுத்துப் பிடித்த சுரம்

என் கணவருக்கு மேடையில் வார்த்தை வராமல் போனால் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைத் திருகுவார். அதைப் பார்த்ததும் அருகில் செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியத்தை வாசிக்கும் பெண் அடித்தந்தியில் ஒரே ஒரு சுரத்தை இழுத்துப் பிடிப்பாள். வார்த்தை கிடைத்து அவர் வாய் திறந்த பிறகுதான் விடுவாள். ரசிகர்கள் அதைக் கலை என்றார்கள். அது தடுமாற்றம் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் நிகழ்ச்சியில் முன்கூட்டி எழுதிய வரி எதுவும் கிடையாது. கூட்டத்திலிருந்து யாராவது ஒரு வார்த்தை கொடுப்பார்கள். அதை வைத்து அவர் கவிதை கட்டுவார். நடுநடுவே எங்கள் குடும்ப மானத்தைக் கப்பலேற்றுவார். "எங்க வீட்ல வாக்கியத்த ஆரம்பிக்கறது மட்டும்தான் என் வேலை. முடிக்கறதுக்கு ஆள் இருக்கு" என்பார். கூட்டம் சிரிக்கும். அவள் விரலால் தந்திகளைச் சுண்டுவாள். அந்தப் பெரிய வாத்தியம் தொண்டைக்குள் சிரிப்பதுபோல் இருக்கும்.

பேச்சுக்குச் சொன்னதல்ல அது. வெளியே கிளம்பும்போது, "இந்த... இது எங்க..." என்று நிற்பார். "சாவிதானே? நேத்துப் போட்ட சட்டையில பாருங்க" என்பேன். அவர் நாக்கு புரளும் முன்னே வார்த்தை என் வாயில் வந்துவிடும் என்பதில் எனக்குப் பெருமைதான், அந்த மேடையைப் பார்க்கும்வரை.

அங்கே அவள் எதையும் முடித்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் அவர் முகம் இளகி, எதையோ தேடி, கண்டுபிடித்தது. வீட்டில் நான் பார்த்திராத முகம். சிரித்தாள், தொட்டாள் என்றால் சண்டை போடலாம். காத்திருந்தாள் என்று எப்படிச் சண்டை போடுவது?

"பேர்லயே செல்லம் இருக்கு பாருங்க அண்ணி, செல்லோ" என்று என் நாத்தனார் வேறு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

நானும் ஒருநாள் வாயை மூடிக்கொண்டு காத்துப் பார்த்தேன். "இந்த... இது..." என்றவர் பொத்தானைத் திருகினார். பிறகு கவலையோடு என் நெற்றியைத் தொட்டார்.

"என்ன, உடம்பு சரியில்லயா?"

அவர் மாரடைப்பில் போன பிறகு அவள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"அவருக்காக ஒரு நிகழ்ச்சி வெச்சிருக்கோம். நீங்க வரணும், அக்கா."

"யாரு பேசுவா?"

"யாரும் இல்ல. நான் வாசிக்கறேன். அவர் எடம் அப்படியே இருக்கட்டும்."

"தடுமாறுறதுக்கு ஒரு ஆள் வேணுமே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நானே தடுமாறிக்கறேன்."

போனேன். நாத்தனாரும் வந்தாள். மேடையில் அவர் உயரத்துக்கு ஒரு மைக் நின்றது, ஆளில்லாமல். அவள் வார்த்தை கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சாவி" என்றார்.

வாசித்தாள். தந்தியில் சாவிக்கொத்து குலுங்கியது, கதவு கிறீச்சிட்டது. கூட்டம் புன்னகைத்தது. பிறகு பழக்கம் போல அந்த ஒற்றைச் சுரத்தை இழுத்து மைக்கைப் பார்த்தாள்.

வில் நுனிவரை போய்த் திரும்பியது. மறுபடி போனது, திரும்பியது. இத்தனை காலத்தில் அந்தச் சுரத்தை அவள் தானாக முடித்ததே இல்லை. முடித்துவைத்தது எப்போதும் அவர் வார்த்தைதான். அவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கூட்டம் இதையும் கலை என்று நினைத்து மூச்சடக்கி இருந்தது.

"என்ன அண்ணி ஆச்சு இவளுக்கு?" என்றாள் நாத்தனார்.

இழுக்கட்டும், நன்றாக இழுக்கட்டும் என்றிருந்தது எனக்கு. அவள் முழங்கை தாழத் தொடங்கியது. மைக்கிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை. நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் இல்லை.

"நேத்துப் போட்ட சட்டையில பாருங்க" என்றேன், அடுக்களையிலிருந்து கூடத்துக்குச் சொல்கிற குரலில்.

சுரம் நின்றது. பிறகு கூட்டம் சிரித்தது. அவள் கண்களை மூடிக்கொண்டு தந்திகளைச் சுண்டினாள். அவருக்காக மட்டுமே சிரித்துவந்த வாத்தியம் எனக்காகச் சிரித்தது. அந்த அதிர்வு தரை வழியாக வந்து என் உள்ளங்காலில் ஏறியது.

இந்த மனிதர் இத்தனை காலம் இதில்தான் நின்றுகொண்டிருந்தார், வாரா வாரம். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.